மிதிவண்டிக்கு ஒரு தடம்

1856இல் தென்னகத்தின் முதல் புகைவண்டி நம் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை சென்றது. அத்திசையிலேயே மிதிவண்டியில் மேலும் சென்றால் ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றுப் பள்ளத்தாக்கு விரியும். தெற்கே சவ்வாது மலை, அதனையடுத்து ஏலகிரி. ஏலகிரிப் பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளும் புலவர்கள், வள்ளல்கள் பெயர் தாங்கியவை. அவற்றை நின்று படிக்க மிதிவண்டியே ஏற்றது, பேருந்து விரைந்துவிடும்.

ஆயினும் இப்பயணத்தில் நாம் அஞ்சுவது மலையேற்றத்தை அன்று, நம் வாயிற்படியை. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகம் நோக்கிக் கொள்கலன் லாரிகள் அணிவகுக்க, ஆலைத் தொழிலாளியும் பள்ளிப் பிள்ளையும் அவற்றின் இடுக்கில் மிதிக்கின்றனர். மலைச்சுற்றுலா பின்னர் ஆகட்டும். இச்சாலையோரம் தடுப்புச் சுவருடன் மிதிவண்டிக்கெனத் தனித்தடம் அமைக்குமாறு நெடுஞ்சாலைத் துறையை முதற்கண் வேண்டுகிறோம்.