பழுதுபார்க்கும் அறிவும் நமக்கு வேண்டும்

எரிபொருள் தடையிருந்த 1990களில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் நாம். இன்றோ, தோட்டத்துத் தூவல் நீர்ப்பாசனத்தில் ஒரு தூவி அடைத்துக்கொண்டாலே திருத்துபவரைத் தேடி ஓடுகிறோம். அவர் வருவதற்குள் வெங்காயம் வாடிவிடுகிறது. கூலியும் கடனோடு சேருகிறது.

யாழ். குடாநாட்டுக் கிணற்று நீர் சுண்ணாம்புக் கற்பாறையில் ஊறி வருவது. அந்தச் சுண்ணாம்பே தூவியின் துளையில் படிந்து அடைக்கிறது. கம்பியால் குத்தக்கூடாது, துளை பெருத்தால் நீர் சீராக விழாது. கழற்றிச் சில மணி நேரம் வினாகிரியில் ஊறவிட்டு, பழைய பற்தூரிகையால் தேய்த்துக் கழுவினால் போதும். தூவி சுழலாவிட்டால் மண் இறுகியிருக்கிறதா, வாசர் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்போம். எல்லாத் தூவிகளிலும் நீர் மெலிந்தால், கிணற்றுக்குள் இருக்கும் குழாயின் வடியையும் குழாய் மூட்டுகளையும் பார்ப்போம்.

மீள்குடியேறும் நமக்குக் கருவி தரும் நிறுவனங்களிடம், உதிரிப்பாகங்களையும் ஒரு நாள் பயிற்சியையும் சேர்த்தே கேட்போம். பெண்களும் பிள்ளைகளும் அதில் பங்குபற்றட்டும். 1995இல் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது கருவிகள் கிணற்றடியிலேயே கிடந்தன. கற்ற தொழில் மட்டுமே நம்மோடு வந்தது.