ஜல்லிக்கட்டுக்கு ஓகே, நாய்ப் பந்தயத்துக்கு மட்டும் ஏன் சிக்கல்?

மதுரையைச் சுற்றி நாட்டு நாய் வளர்ப்பவர்கள் நாலு பேர் கூடினால் ஒரு கேள்வி வந்தே தீரும். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூரில் காளையை அவிழ்த்துவிட்டால் அமைச்சர், கலெக்டர் எல்லாரும் வந்து உட்கார்ந்து பார்க்கிறார்கள். கீழக்கரையில் 2024 ஜனவரியில் அரசே ஒரு அரங்கம் கட்டித் திறந்தது. நம்ம நாயை ஒரு பொட்டலில் ஓடவிட்டுப் பார்க்க மட்டும் எதுக்கு பயந்து பயந்து போகணும்?

நியாயமான கேள்விதான். ஆனால் இதற்கு வரும் பதில்கள் இரண்டு பக்கமும் அவசரப் பதில்கள். 'அது கொடுமை, தடை போடு' என்கிறது ஒரு தரப்பு. 'ஜல்லிக்கட்டு மாதிரி தனிச் சட்டம் போடு' என்கிறது இன்னொரு தரப்பு. சட்டத்தை எடுத்து வைத்துப் படித்தால் இரண்டுமே சரியாக உட்காரவில்லை. இந்த விவகாரத்தில் முதலில் கேட்க வேண்டியது வேறு: அந்த நாய் எதைத் துரத்தி ஓடுகிறது?

துரத்தப்படுவது உயிருள்ள முயலா?

தென் மாவட்டங்களில் 'நாய் விடுறது' என்று ஒரே பேச்சாகச் சொன்னாலும் உள்ளே இருப்பது வேறு வேறு விஷயங்கள். மகா சிவராத்திரியை ஒட்டி நடக்கும் பாரி வேட்டை ஒன்று. கம்பு, வலை, நாயோடு ஊரே கூட்டமாகக் காட்டுக்கும் கண்மாய்க்கும் போய் முயல் பிடித்து வருவது. வேலி போட்ட இடத்தில் முயலை அவிழ்த்துவிட்டு எந்த நாய் முதலில் பிடிக்கிறது என்று பார்ப்பது இன்னொன்று. மோட்டார் சக்கரத்தில் கயிறு சுற்றி, அதன் நுனியில் கட்டிய துணி பொம்மையை இழுத்து, அதன் பின்னால் நாய்களை ஓடவிடுவது மூன்றாவது.

முதல் வகையில் விவாதத்துக்கு இடமே இல்லை. காட்டு முயல் வன உயிரினம். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்பதற்குத் தரும் விளக்கத்தில் கொல்வது மட்டும் இல்லை. பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, நாயை ஏவித் துரத்துவது, அதற்கான முயற்சி எல்லாமே அடக்கம். அதாவது முயல் தப்பி ஓடிவிட்டாலும் கேஸ் நிற்கும். 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். சாமிக்கு நேர்ந்தது, தாத்தா காலத்து வழக்கம் என்பதற்கெல்லாம் இந்தச் சட்டத்தில் விலக்கு கிடையாது. சிவராத்திரி சமயத்தில் வனத்துறை எச்சரிக்கை விடுவதும் ரோந்து போவதும் இதனால்தான்.

இதில் சட்டத்தைத் தாண்டியும் ஒரு விஷயம் இருக்கிறது. மதுரைச் சமவெளியில் முயலுக்கு மிச்சமிருப்பது பாறைக் குன்றுகளும் கரட்டுப் புதர்களும்தான். மேலூர் பக்கம் அரிட்டாபட்டியை 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்ததற்கு அங்குள்ள ராஜாளி வகைப் பறவைகளும் ஒரு காரணம். பெரிய வேட்டைப் பறவைகளுக்கு முயல் முக்கியமான இரை. டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று அந்த மண்ணுக்காக மதுரை வரை நடந்து வந்தவர்கள் நம் மக்கள். அதே கரட்டு முயலை நாய் விட்டுப் பிடிப்பதைப் பண்பாடு என்று சொல்லும்போது கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது.

சரி, காட்டு முயல் வேண்டாம், கடையில் விற்கிற வெள்ளை முயலை விட்டால்? இந்த யோசனையும் அடிக்கடி வருகிறது. இங்கே வன உயிரினச் சட்டம் வராது. ஆனால் 1960-ம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவு வந்துவிடும். ஒரு விலங்கை இன்னொன்றுக்கு இரையாகும்படி அடைத்து வைப்பதும், ஒரு விலங்கை இன்னொன்றின் மேல் ஏவுவதும் அதில் குற்றம். அபராதம் எவ்வளவு தெரியுமா? முதல் முறை என்றால் 10 முதல் 50 ரூபாய். 1960-ல் எழுதிய தொகை இன்னும் அப்படியே நிற்கிறது. மதுரையில் ஒரு ஜிகர்தண்டா குடிக்கவே இதைவிட அதிகம் ஆகும்.

ஆக, உண்மையான விவாதம் மூன்றாவது வகையைப் பற்றியது. பொம்மையைத் துரத்தும் பந்தயம்.

ஜல்லிக்கட்டு சட்டம் நாய்க்குப் பொருந்துமா?

பொருந்தாது. 2017-ல் தமுக்கத்திலும் அலங்காநல்லூரிலும் நடந்த போராட்டத்துக்குப் பிறகு வந்த தமிழ்நாடு திருத்தச் சட்டம் ரொம்பக் குறுகலானது. ஜனவரி முதல் மே வரை, மரபைப் பின்பற்றி, காளைகளைக் கொண்டு நடத்தும் நிகழ்ச்சி என்று எழுதி, மஞ்சுவிரட்டு, வடமாடு, எருது விடும் விழாவையும் அதில் சேர்த்திருக்கிறது. நாய், சேவல், கிடா எதுவும் கிடையாது. 2023 மே 18-ல் உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு இந்தச் சட்டம் செல்லும் என்றது. கூடவே கர்நாடகத்தின் கம்பளா, மகாராஷ்டிரத்தின் மாட்டு வண்டிப் பந்தயச் சட்டங்களையும் ஏற்றது. மூன்று மாநிலச் சட்டத்திலும் நாய் இல்லை.

அப்படியானால் நாய்க்கும் ஒரு திருத்தம் கேட்கலாமே? கேட்கலாம். விலங்கு வதைத் தடுப்பு பொதுப் பட்டியலில் வருவதால் சட்டமன்றத்தில் நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் ஒப்புதல் வாங்க வேண்டும். ஆனால் இங்கேதான் நாய் வளர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்காமல் விடுகிறார்கள்.

ஜல்லிக்கட்டுக்கு ஏன் தனிச் சட்டம் தேவைப்பட்டது? காட்சி விலங்காகப் பழக்கவோ பயன்படுத்தவோ கூடாதவை என்று மத்திய அரசு வைத்திருக்கும் பட்டியலில் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கத்தோடு 2011 ஜூலையில் காளையும் சேர்க்கப்பட்டது. 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம், ஜல்லிக்கட்டு அதன் இயல்பிலேயே வதை என்று தீர்ப்பு சொன்னது. அந்த இரண்டு கதவும் சாத்தியிருந்ததால்தான் மூன்றாவதாக ஒரு கதவை வெட்ட வேண்டியிருந்தது. நாய் அந்தப் பட்டியலில் இல்லை. உயிருள்ள இரை இல்லாமல் நாய் ஓடுவதே வதை என்று அப்படியொரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் நாய்க்கு எதிராக நிற்கவில்லை. அப்புறம் எதற்கு விலக்கு? 'எங்களுக்கும் விலக்கு கொடு' என்று கேட்பது, 'நாங்க செய்றது வதைதான், கண்டுக்காதீங்க' என்று நாமே எழுதிக் கொடுப்பது மாதிரி.

அதற்காக யார் வேண்டுமானாலும் நடத்தலாம் என்று அர்த்தமில்லை. பொதுமக்கள் பார்க்கும் கேளிக்கைக்கு விலங்கைப் பயன்படுத்தினால் 2001-ம் ஆண்டு விதிகளின்படி விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். உள்ளூரில் நடக்கும் பந்தயங்கள் சட்டச் சிக்கலில் மாட்ட இந்தப் பதிவு ஒன்று போதும். ஊர்க் கமிட்டிக்கு இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. தெரிந்தாலும் வாரியம் சென்னையிலிருந்து ஹரியானாவுக்குப் போய்ச் சில வருஷம் ஆகிவிட்டது. சிப்பிப்பாறைக்குப் பதிவு வாங்க ஹரியானா வரைக்கும் பேப்பர் போகணும் என்றால், 'சும்மா நடத்திட்டுப் போவோம்' என்றுதான் தோன்றும்.

இதில் ஒரு வேடிக்கை. இந்தச் சட்டத்துக்கு விதை போட்ட ருக்மிணி தேவி அருண்டேல் 1904-ல் மதுரையில் பிறந்தவர். கலாக்ஷேத்ராவுக்காக நமக்குத் தெரிந்த அவர், 1950-களில் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே கொண்டுவரும் என்று நேரு உறுதி சொன்னதும் திரும்பப் பெற்றார். 1960-ல் சட்டம் வந்தது. 1962-ல் வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. விலங்கு நலம் என்பது வெளிநாட்டு அமைப்புகள் நம் தலையில் கட்டிய சரக்கு என்று பேசுபவர்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

இனம் காக்கிறோம் என்பது எவ்வளவு தூரம் உண்மை?

சிப்பிப்பாறை, ராஜபாளையம், கோம்பை மூன்றுமே ஊர்ப் பெயர்கள். மதுரையில் பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் போய்விடலாம். 2005-ல் ராஜபாளையத்துக்கு அஞ்சல் தலை வந்தது. 2020 ஆகஸ்ட் மாத 'மனதின் குர'லில் பிரதமர் இந்த இனங்களைக் கன்னியோடு சேர்த்துப் பெயர் சொல்லிப் பேசினார். சிப்பிப்பாறையும் கன்னியும் ஓட்டத்துக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த உடம்பு: ஒடுங்கிய இடுப்பு, ஆழமான மார்பு, நீண்ட கால். அபார்ட்மென்ட் பால்கனியில் கட்டிப்போட்டால் அந்த நாய்க்கு அதுவே ஒரு வதை. ஓட்டத்தைப் பார்க்காமல் நிறத்தையும் மூக்கையும் மட்டும் பார்த்து இனம் சேர்த்தால், நாலைந்து தலைமுறையில் பார்க்க சிப்பிப்பாறையாகவும் ஓடத் தெரியாததாகவும் ஒன்று மிஞ்சும். வளர்ப்பவர்களின் இந்த வாதத்தில் பலம் இருக்கிறது. ஏசி ஹாலில் டாக் ஷோ நடந்தால் கௌரவம், கண்மாய்க்கரையில் பந்தயம் நடந்தால் காட்டுமிராண்டித்தனமா என்ற அவர்கள் கோபத்திலும் அர்த்தம் உண்டு.

ஆனால் உலகத்தில் நாய்ப் பந்தயம் கெட்டுப்போன இடமெல்லாம் ஒரே வழியில்தான் கெட்டது: பெட்டிங். பணம் வந்ததும் ஜெயிக்கிற நாய் வேண்டும்; ஜெயிக்கிற நாய்க்காக நிறையக் குட்டி போட வேண்டும்; தோற்ற நாயை என்ன செய்வது? மக்காவில் 2018 ஜூலையில் பந்தய மைதானத்தை மூடியபோது 500-க்கும் மேற்பட்ட கிரேஹவுண்டுகள் உள்ளே விடப்பட்டிருந்தன. ஃபுளோரிடாவில் அதே ஆண்டு வாக்கெடுப்பு வைத்து, 2020 இறுதியோடு முடித்தார்கள். நியூசிலாந்து 2013, 2017, 2021 என்று மூன்று முறை ஆய்வு நடத்தியும் அடிபடும் நாய்கள் குறையவில்லை என்று 2024 டிசம்பரில் தடையை அறிவித்தது.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கதை நமக்கு இன்னும் நெருக்கம். 2016 ஜூலையில் அங்கே தடை அறிவித்தார்கள், கிராமப்புறம் கொந்தளித்தது, அக்டோபரில் அரசு பின்வாங்கியது. 'சிட்டிக்காரன் எங்க வாழ்க்கையைப் பத்தி முடிவெடுக்கிறான்' என்ற அந்தக் கோபம் 2017 ஜனவரியை நேரில் பார்த்த மதுரைக்காரர்களுக்குப் புதுசாக இருக்காது. அங்கே நடந்த ஒரு வேலை உருப்படியானது. சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தை வைத்து நாய்கள் எங்கே அடிபடுகின்றன என்று ஆராய்ந்தார்கள். வளைவில் நாய்கள் முட்டி மோதிக்கொள்வது பெரிய காரணம் என்று தெரிந்தது. நேர்கோட்டுப் பாதை நல்லது என்று பரிந்துரைத்தார்கள். நம்மூர் பொட்டலில் நேராக ஓடவிட ஒரு செலவும் இல்லை.

அனுமதி கொடுத்தால் எப்படிக் கொடுக்கணும்?

என் கணக்கில், பொம்மையைத் துரத்தும் பந்தயத்துக்கு அனுமதி கொடுக்கலாம். கொடுக்காமல் விட்டால் நாய் ஓடாமல் இருக்கப் போவதில்லை. ராத்திரியில், டார்ச் வெளிச்சத்தில், காட்டு முயலுக்குப் பின்னால் ஓடும். ஆனால் 'அமைதியாக நடத்த வேண்டும்' என்று ரெண்டு வரி எழுதி முத்திரை குத்தும் அனுமதியாக அது இருக்கக் கூடாது.

மைதானத்துக்குள் உயிருள்ள எந்த இரையும் வரக் கூடாது. பயிற்சியிலும் கூடாது என்று எழுதுவது அதைவிட முக்கியம். ஏனென்றால் பந்தயத்தன்று பொம்மை, முந்தின வாரம் முழுக்க நிஜ முயல் என்பது வெளிநாட்டிலேயே மாட்டிக்கொண்ட தந்திரம். 2015-ல் ஆஸ்திரேலிய டிவி ஒன்று ரகசிய கேமராவில் பிடித்துக் காட்டியது இதைத்தான். நேரமும் முக்கியம். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. மாசி, பங்குனி வெயிலில் மதுரையில் காலை 9 மணிக்கு மேல் ஒரு நாயைக்கூட ஓடவிடக் கூடாது. தண்ணீர்த் தொட்டி, நிழல், கால்நடை மருத்துவர் இல்லாமல் முதல் ஓட்டமே தொடங்கக் கூடாது. ரேபிஸ் தடுப்பூசிச் சான்று இல்லாத நாய் வாசலோடு திரும்ப வேண்டும்; வேடிக்கை பார்க்க வரும் குழந்தைகளுக்காகவும் இது அவசியம்.

பெட்டிங் விஷயத்தில் சட்டம் தெளிவு. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்துக்கொண்டு வருபவர்கள் உண்டு. அது குதிரையைப் பற்றிய தீர்ப்பு. நாய் மேல் பணம் கட்டினால் 1930-ம் ஆண்டு சூதாட்டச் சட்டத்தில் மாட்டலாம். பரிசையும் குக்கர், வேட்டி, கோப்பை அளவோடு நிறுத்திவிட்டால் நல்லது. காளைக்குக் கார் கொடுக்க ஆரம்பித்த பிறகு காளை விலை எங்கே போனது என்று அலங்காநல்லூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஒரு நிபந்தனை மட்டும் யாரும் இதுவரை பெரிதாகப் பேசாதது: ஓடும் ஒவ்வொரு நாய்க்கும் மைக்ரோசிப். இந்த ஆண்டு முதல் சுற்றில் தோற்ற நாய் அடுத்த ஆண்டு எங்கே இருக்கிறது என்று வளர்த்தவர் காட்ட முடிய வேண்டும். காட்ட முடியாதவருக்கு அடுத்த முறை நுழைவு இல்லை. இனத்தைக் காப்பாற்றத்தான் பந்தயம் என்பவர்களுக்கு இதில் கஷ்டம் இருக்கக் கூடாது. மனுவோடு கலெக்டர் ஆபீஸுக்குப் போகும்போது இந்த ஒரு பக்கத்தை அவர்களே எழுதி எடுத்துக்கொண்டு போனால், எதிர்ப்பவர்களுக்குப் பேச மிச்சமிருப்பது கொஞ்சம்தான்.