பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு கார்ட்டூன் படம் பாருங்கள்

பாடசாலை விடுமுறை வந்தால் எங்களைப் போன்ற ஆசிரியர்களிடம் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: "சேர், இவனுகளைப் போனிலிருந்து எப்படிப் பிரிக்கிறது?"

போனைப் பறிப்பதற்கு முதல் ஒரு நாள் பிள்ளைகளின் பக்கத்தில் உட்காருங்கள். வீட்டில் எல்லோரும் ஒரே திரையில் ஒரு படத்தை முழுதாகப் பாருங்கள். இதுதான் எங்கள் பதில்.

எங்கள் வீட்டில் அப்படிப் பார்த்த படம் 'ஸூட்டோபியா'. டிஸ்னி 2016இல் வெளியிட்டது. அடுத்த வருடம் ஒஸ்காரும் கிடைத்தது. 2025இல் இரண்டாம் பாகமும் வந்துவிட்டது. மிருகங்கள் மட்டுமே வாழும் ஒரு நகரம். பொலிஸாகும் ஆசையோடு கிராமத்திலிருந்து வரும் முயல் ஜூடி, ஏமாற்றிப் பிழைக்கும் நரி நிக், இருவரும் சேர்ந்து காணாமல் போனவர்களைத் தேடுவதுதான் கதை.

வாகன இலக்கம் ஒன்றின் விபரம் எடுக்க ஜூடி அவசரமாக ஓர் அலுவலகத்துக்கு ஓடுகிறாள். அங்கே கவுண்டர் முழுக்க ஸ்லொத்கள். எங்கள் தேவாங்கையும் தோற்கடிக்கும் மெதுவான பிராணி. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கலாம். பிள்ளைகள் அதன் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு கையொப்பத்துக்காக மூன்று நாள் அலைந்த பெரியவர்கள் வேறு காரணத்துக்காகச் சிரித்தார்கள். ஆங்கிலம் விளங்காத உம்மம்மாவும் சிரித்தார்.

பிறகு கதை மாறுகிறது. நகரத்தில் சில ஊனுண்ணிகளுக்குத் திடீரென வெறி பிடிக்கிறது. அது அவர்களின் பிறவிக் குணமாக இருக்கலாம் என்ற கருத்துப்பட ஜூடி பத்திரிகையாளர்கள் முன் பேசிவிடுகிறாள். அவளிடம் கெட்ட எண்ணம் இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து ஊர் மாறிவிடுகிறது. ரயிலில் புலி ஒன்று பக்கத்தில் இருப்பதால் ஒரு தாய் தன் குட்டியை இழுத்து அணைத்துக்கொள்கிறாள். பொலிஸ் நிலைய வரவேற்பு மேசையில் இருந்த கலகலப்பான சீட்டாவைக் கீழே பதிவறைக்கு மாற்றிவிடுகிறார்கள். வருபவர்கள் முதலில் பார்க்கும் முகம் ஊனுண்ணியின் முகமாக இருக்கக் கூடாதாம். அவன் யாருக்கும் எதுவும் செய்யவில்லை.

பெரியவர்களின் சிரிப்பு அந்த இடத்தில் நின்றுபோனது. 2019 ஏப்ரல் 21இல் உறவுகளை இழந்தவர்களின் வலி மிகப் பெரியது. அதற்குப் பிறகு, அந்தக் கொடுமையை வெறுத்த எங்கள் சமூகமும் சந்தேகப் பார்வையோடு வாழ வேண்டியிருந்தது. பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகவே வந்த நாட்களை எங்கள் பெண்கள் மறக்கவில்லை.

ஆனால் படம் அதோடு நிற்கவில்லை. சதிகாரர் யாரென்று பார்த்தால் சாதுவான ஒரு செம்மறியாடு! பயத்தை மூட்டிப் பெரும்பான்மையைத் தன் பின்னால் திரட்டப் பார்த்தது. அதற்காகச் செம்மறியாடுகள் எல்லாமே கெட்டவை என்றும் படம் சொல்லவில்லை.

இதை எங்கள் ஆட்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறோம். "அவனுகள் எல்லாம் அப்படித்தான்" என்ற பேச்சு எங்கள் ஊர் வீடுகளிலும் கேட்கிறது. சிங்களவரைப் பற்றி, தமிழரைப் பற்றி, ஏன், பக்கத்து ஊர் முஸ்லிம்களைப் பற்றியும்கூட. பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டுதான் சோறு சாப்பிடுகிறார்கள். எங்களைப் பற்றிச் சொன்னால் வலிக்கிற பேச்சு, எங்கள் வாயிலிருந்து வந்தால் மட்டும் நியாயமாகிவிடாது. வகுப்பறையில் 'சமத்துவம்' என்று கரும்பலகையில் எழுதிப் படிப்பிப்பதை விட, வீட்டில் அந்த ஒரு வசனத்தை நிறுத்துவது பெரிய வேலை.

படத்தில் பாட்டு இருக்கிறது, ஓரிரு காட்சிகள் எல்லா வீட்டுக்கும் ஒத்துவராது என்று சிலர் சொல்வார்கள். நியாயம்தான். அதற்காகத்தான் பக்கத்தில் இருக்கச் சொல்கிறோம். ரிமோட் உங்கள் கையில் இருக்கும். அறைக்குள் தனியாகப் போன் பார்க்கும் பிள்ளையிடம் அந்த வசதி இல்லை. மொத்தம் 1 மணித்தியாலம் 48 நிமிடம். எங்கள் போன்களில் இதைவிட அதிக நேரம் தினமும் வீணாகிறது.

படம் முடிந்ததும் பாடம் நடத்த வேண்டாம், உபதேசமும் வேண்டாம். "அந்தச் சீட்டாவை ஏன் கீழே அனுப்பினாங்க?" என்று மட்டும் கேளுங்கள். பிறகு வாப்பாவும் உம்மாவும் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். பிள்ளைகள் கதைக்கட்டும்.