பலூன் துப்பாக்கி சோர்ந்து போச்சா? தோல் வாஷரைப் பாருங்க!

வைகாசி முதல் நாள், குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டு என்று சுற்றுவட்டாரமே திரண்டு வரும். இப்படிப்பட்ட திருவிழாக் கூட்டத்தில் ராட்டினமும் பஞ்சுமிட்டாயும் இருந்தால், பக்கத்திலேயே ஒரு பலூன் சுடும் கடையும் இருக்கும். ஒரு பலகை, அதில் வரிசையாகக் கட்டிய பலூன்கள், முன்னால் ஒரு மேஜை, அதன்மேல் ஒரு ஏர்கன்.

அந்த ஏர்கன்னை யாரோ ஒருவர் புதிதாக, பெரும்பாலும் செகண்ட் ஹேண்டில், வாங்கிக் கடை போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் நன்றாகச் சுடுகிறது. இரண்டாவது நாள் குண்டு பலூனில் பட்டும் உடையவில்லை. 'பட்டுச்சுண்ணா, ஆனா உடையல' என்று பிள்ளை அழ, 'என்ன தம்பி ஏமாத்துறியா?' என்று அப்பா கேட்க, பின்னால் நிற்கிற நான்கு பேர் அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுவார்கள். வருடத்தில் சில நாள்களே கிடைக்கிற வருமானம் அது.

கடைக்காரர் செய்கிற முதல் தப்பு, 'ஸ்பிரிங் போயிடுச்சு' என்று முடிவு செய்வது. ஸ்பிரிங் தேய்வது உண்டுதான். ஆனால், அதற்கு முன் பார்க்க வேண்டிய பொருள் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத்தான் இருக்கும். அது வாஷர்!

உள்ளே என்ன நடக்கிறது?

குழலை மடக்கும்போது உள்ளே இருக்கிற கனமான ஸ்பிரிங் அழுந்தி, ஒரு பிஸ்டனைப் பின்னால் இழுத்து நிறுத்துகிறது. விசையை அழுத்தினால் பிஸ்டன் முன்னால் பாய்கிறது. எதிரே இருக்கிற காற்று நசுங்கி, ஒரு சின்னத் துளை வழியாகக் குழலுக்குள் போய், குண்டைத் தள்ளுகிறது. சைக்கிள் பம்ப்பில் நடப்பதும் இதுதான்.

சைக்கிள் பம்ப்பைப் போலவே இதிலும் பிஸ்டன் தலையில் ஒரு கிண்ண வடிவ வாஷர் இருக்கும். பழைய மாடல்களில் அது தோல். புதிய மாடல்கள் பலவற்றில் செயற்கை ரப்பர் அல்லது பிளாஸ்டிக் வகை. தோல் காய்ந்தால் சுருங்கும். சுருங்கினால் ஓரமாகக் காற்று நழுவும். குண்டுக்குப் போக வேண்டிய வேகம் அங்கேயே போய்விடும்.

வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால் கேட்டுப்பாருங்கள். பம்ப் ஸ்டவ் காற்று ஏறவில்லை என்றால், வாஷரை வெளியே எடுத்து, எண்ணெய் தடவி, விரலால் கொஞ்சம் விரித்துவிட்டு மறுபடி போடுவார்கள். ஊர்ப் பொதுக் குழாயான 'இந்தியா மார்க் 2' அடிபம்ப்பிலும் முதலில் தோல் வாஷர்தான் இருந்தது. ஏர்கன்னுக்கும் அதே வைத்தியம்தான்.

முதலில் ஒரு டிஷ்யூ பேப்பர்

காற்று கசியக்கூடிய இடங்கள் இரண்டு. ஒன்று பிஸ்டன் வாஷர். இன்னொன்று, குழல் மடங்கிச் சேருகிற இடத்தில் இருக்கும் சின்ன வளையம். எது என்று தெரியாமல் எதையும் கழற்ற வேண்டாம்.

குழல் சேரும் இணைப்பின் மேல் மெல்லிய டிஷ்யூ பேப்பர் துண்டு ஒன்றை வையுங்கள். குண்டு போட்டு, பாதுகாப்பான தடுப்பை நோக்கிச் சுடுங்கள். பேப்பர் பறந்தால் கசிவு அந்த இணைப்பில். வளையத்தை மாற்றினால் போதும். பேப்பர் அசையவே இல்லை, ஆனாலும் வேகம் இல்லை என்றால், சந்தேகம் பிஸ்டன் வாஷர் பக்கம் திரும்பும்.

பிஸ்டன் வாஷர் தோலா என்பதை விற்றவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தோல் என்றால், குழலை லேசாக மட்டும் மடக்கி, கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, பின்பக்கம் தெரிகிற காற்றுத் துளையில் நான்கைந்து சொட்டு எண்ணெய் விடலாம். முழுக்க மடக்கினால் ஸ்பிரிங் ஏறிவிடும். அந்த இடைவெளியில் விரலை விடவே கூடாது. பிறகு குழலை மூடி, துப்பாக்கியை ஸ்பிரிங் ஏற்றாமல், கட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி ஓர் இரவு முழுக்க நிறுத்தி வையுங்கள். எண்ணெய் இறங்கித் தோலில் ஊறும்.

எந்த எண்ணெய்? மாட்டின் கால் எலும்புகளில் இருந்து எடுக்கிற 'நீட்ஸ்ஃபுட் ஆயில்' தோல் வாஷருக்குப் பழங்காலத்தில் இருந்தே பெயர்பெற்றது. தோலை மென்மையாக்கவும் இதே எண்ணெய் பயன்படுவதால், ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் தோல் வேலை தெரிந்தவர்களுக்கு இது புதிய பெயர் அல்ல. தேங்காய் எண்ணெய் வேண்டாம். மார்கழிக் குளிரில் உறையும், நாளாக ஆகப் பிசுக்கு பிடிக்கும். துரு நீக்கும் ஸ்ப்ரே, மண்ணெண்ணெய் இரண்டும் கூடவே கூடாது. காற்று திடீரென்று நசுங்கும்போது சூடேறி, மெல்லிய எண்ணெய் உள்ளேயே தீப்பற்றும். டீசல் இன்ஜின் ஓடுகிற அதே விதி. 'படீர்' என்ற சத்தமும் புகையும் வந்தால், துப்பாக்கிக்குப் பலம் வந்துவிட்டதாகச் சந்தோஷப்படாதீர்கள். வாஷரும் ஸ்பிரிங்கும் அடிபடுகின்றன என்று அர்த்தம். செயற்கை வாஷர் என்றால் சிலிக்கான் ஆயில், அதுவும் ஓரிரு சொட்டு போதும்.

ஆம்பூர்க்காரருக்குக் கைவந்த வேலை

எண்ணெய் விட்டும் சரியாகவில்லை, தோல் கிழிந்தோ கருகியோ போய்விட்டது என்றால் வாஷரை மாற்ற வேண்டியதுதான். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி. தோலுக்குப் பஞ்சமில்லை. ஆனால், எந்தத் தோல் என்பதுதான் கேள்வி.

ஷூவின் மேல்பாகத்துக்கான குரோம் தோல் பொதுவாக மிருதுவானது, இழுத்தால் வளைந்துகொடுக்கும். கிண்ண வடிவத்தில் நிற்காது. மரப்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட கெட்டித் தோல் வேறு மாதிரி. நனைத்து அச்சில் அழுத்தினால், காய்ந்த பிறகும் அந்த வடிவத்தை விடாது. ஆவாரம்பட்டையால் தோல் பதனிடுவது தமிழ்நாட்டின் பழைய கலை. இந்த வகையில் வரும் 'ஈ.ஐ. தோல்' 2008-ம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது.

பெல்ட் செய்கிற தோலில் ஒரு வட்டம் வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, அச்சில் அழுத்தி, நிழலில் காயவைத்து, ஓரத்தைச் சீவி, எண்ணெயில் ஊறவைத்தால் வாஷர் தயார். ஆனால், துப்பாக்கியைப் பிரித்து அதை மாட்டுகிற வேலையைப் புதியவர் செய்யக் கூடாது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் எப்போதும் பாதி அழுந்திய நிலையிலேயே இருக்கும். அதற்கான பிடிகருவி இல்லாமல் கழற்றினால் முகத்துக்கு நேராகப் பாயும். பழகிய மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

குறி தப்பினால்...

வேகம் சரி, குறிதான் தப்புகிறது என்றால் உடனே குறிமுள்ளைத் திருகாதீர்கள். ஒவ்வொரு முறை சுடும்போதும் அதிர்வதால் திருகாணிகள் தளரும். கட்டையைப் பிடித்திருக்கும் திருகாணிகள், குழல் மடங்கும் இடத்தின் போல்ட் எல்லாவற்றையும் முதலில் இறுக்குங்கள். பிறகு குழலுக்குள் படிந்த ஈயத்தைச் சுத்தம் செய்யுங்கள்.

அடுத்து, துப்பாக்கியை மணல் மூட்டையில் தாங்கவைத்து, ஒரே தூரத்தில் இருந்து ஒரு காகிதத்தில் ஐந்து குண்டுகள் சுடுங்கள். ஐந்தும் சேர்ந்து விழுந்த இடத்தின் நடுவைப் பாருங்கள். ஒரே ஒரு குண்டை வைத்து முடிவு செய்யக் கூடாது. குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ, பின்பக்கக் குறியை அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும். வலது பக்கம் போக வேண்டுமா, வலது பக்கம். மேலே போக வேண்டுமா, மேலே.

இது பலூன் கடை விஷயம்தானே என்று நினைக்க வேண்டாம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ரா, இறுதிச்சுற்றுக்கு முன் சுட்ட சோதனைக் குண்டு நடுவை விட்டு வெகுதூரம் விலகிப்போனதைத் தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். துப்பாக்கியின் குறி மாறியிருந்தது. இருந்த கொஞ்ச நேரத்துக்குள் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் அவர் தங்கத்தைச் சுட்டார்.

'குறியைக் கோணலாக வைத்தால் நமக்குத்தானே லாபம்' என்று நினைக்கிற கடைக்காரரும் இருக்கலாம். அந்தக் குடும்பம் அடுத்த வருடம் அவர் கடைக்கு வராது.

கூடுதல் பலம் வேண்டாம்

வாஷரைச் சரிசெய்யாமல், பெரிய ஸ்பிரிங் போட்டு வேகத்தைக் கூட்டலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். அரை கிராம் குண்டு நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் போனால் அதன் ஆற்றல் 5.6 ஜூல். பலூனுக்கு அது தாராளம். 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 20 ஜூலுக்கு மேல் ஆற்றலோ, 0.177 அங்குலத்துக்கு மேல் குழல் விட்டமோ இருந்தால் உரிமம் வேண்டும். சின்னத் துப்பாக்கிதானே என்று பறவைகளைச் சுட்டால் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பாயும்.

விசையை லேசாக்க உள்கொக்கியை அரம் போட்டுத் தேய்ப்பதும் ஆபத்து. தேய்ந்த கொக்கி, குழலை மடக்கும்போதே நழுவிவிடும். குண்டு போடாமல் வெறுமனே சுடுவதும் தப்பு. எதிர்ப்புக் காற்று இல்லாமல் பிஸ்டன் நேராக இரும்பில் போய் மோதும்.

நண்பர்களோடு பெயின்ட் பால் விளையாடப் போகிறவர்களுக்கும் இந்தப் பாடம் பொருந்தும். அங்கே துப்பாக்கியை 'மார்க்கர்' என்பார்கள். ஸ்பிரிங் அழுத்திய காற்றுக்குப் பதில் சிலிண்டரில் அடைத்த காற்று அல்லது கார்பன் டை ஆக்சைடு, தோலுக்குப் பதில் ரப்பர் 'ஓ-ரிங்'. அதுவும் காய்ந்தால் கசியும், அதற்கும் எண்ணெய் வேண்டும். வழக்கமாக நொடிக்கு 300 அடிதான் உச்ச வரம்பு. வேகத்தைக் கருவியில் அளந்து பார்த்துவிட்டே களத்துக்குள் விடுவார்கள். சுமார் 3 கிராம் உருண்டை அந்த வேகத்தில் வந்தால் 12 ஜூலுக்கு மேல். பலூன் துப்பாக்கிக் குண்டைவிட இரண்டு மடங்கு! உருண்டை உடைந்து சிதறுவதால் உடம்பு தாங்குகிறது. கண் தாங்காது. களத்துக்குள் இருக்கும்வரை முகக்கவசத்தைக் கழற்றவே கூடாது என்பது அதனால்தான்.

கடை விரிக்கும் முன்...

பலூன் கடையிலும் பெரிய ஆபத்து கண்ணுக்குத்தான். பலகைக்குப் பின்னால் தகரமோ சுவரோ இருந்தால் குண்டு தெறித்துத் திரும்பும். கெட்டியான சாக்கு அல்லது கித்தானைத் தளர்வாகத் தொங்கவிட்டால், குண்டு வேகம் இழந்து கீழே விழும். ஈயக் குண்டை மட்டும் பயன்படுத்துங்கள். இரும்பு பால்ரஸ் பந்துபோல எகிறும். பக்கவாட்டில் பிள்ளைகள் எட்டிப்பார்க்காதபடி கயிறு கட்டுங்கள். ஈயத்தைத் தொட்ட கையோடு முறுக்கு தின்னக் கூடாது, பிள்ளைகளுக்கும் கை கழுவத் தண்ணீர் வையுங்கள்.

யாருக்காவது கண்ணில் பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள், அழுத்தாதீர்கள், சொட்டு மருந்து எதுவும் விடாதீர்கள். கண்ணைத் தொடாதபடி ஒரு பேப்பர் கப்பை மேலே வைத்து மூடி, நேராகக் கண் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வேலூரில் சி.எம்.சி-யின் ஷெல் கண் மருத்துவமனை இருக்கிறது.

இரவு கடையைக் கட்டும்போது மூன்று வேலைகள். துப்பாக்கியில் குண்டு இல்லை, ஸ்பிரிங் ஏறி நிற்கவில்லை என்று உறுதிசெய்யுங்கள். ஸ்பிரிங் ஏறியபடியே வைத்தால் அது சோர்ந்துபோகும், யாராவது தொட்டால் வெடிக்கும். வெளிப்பக்க இரும்பை எண்ணெய்த் துணியால் துடையுங்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

அடுத்த வாரம்: தையல் மெஷினில் நூல் ஏன் அறுந்துகொண்டே இருக்கிறது?