மருவூர்ப்பாக்கத்து மணல்

சென்னைக்கு முதன்முறை வரும் உறவினரை நாம் எங்கு அழைத்துச் செல்கின்றோம்? மெரினாவுக்கே அன்றோ! அவர் அவ்வகன்ற மணற்பரப்பைக் கண்டு வியப்பர். சுண்டல் வாங்கி உண்பர். "இஃது இயற்கை அளித்த பேறு" என்று கூறித் திரும்புவர். அம்மணல் முழுவதும் இயற்கை அளித்ததன்று என்பதும், அதற்கு விலை கொடுத்தவர் வேறொரு பகுதியினர் என்பதும் நம்முட் பலர் அறியாதவை. அறிந்தாலும் சொல்லாதவை. அதனை இவ்விதழின் வாயிலாகச் சொல்லத் துணிந்தேன்.

எனது ஊர் தாமிரபரணிக் கரையைச் சார்ந்த சிற்றூர். கல்லூரியிற் சேர்ந்த நாள்முதல் இராயபுரத்தில் அத்தை வீட்டில் தங்கிப் பயில்கின்றேன். "இராயபுரமா?" என்று நண்பர் முகஞ் சுளிப்பது எனக்குப் பழகிவிட்டது. மீன் நாற்றமும், துறைமுகத்துக்குச் செல்லும் லாரிகளின் நெரிசலும், புழுதியும் அன்றி அங்கு யாதுளது என்பர். இங்ஙனங் கூறுவார் பெரும்பாலர் அவ்வூரில் ஒரு நாளேனும் இறங்கி நடந்தவரல்லர். கும்மிடிப்பூண்டி வண்டியின் சாளரத்தினூடே அதனைக் கண்டவர்.

முதலாண்டில் யானும் அவர் போன்றே இருந்தேன். வீட்டினின்று நிலையத்துக்கும், நிலையத்தினின்று வீட்டுக்குமாகவே எனது போக்குவரத்து நிகழ்ந்தது. ஒரு சித்திரை விடுமுறையில் அத்தையின் கணவர், "என்னடா, புத்தகத்தில் மட்டுந்தானா நெய்தல் நிலம்? வா" என்று விடியுமுன் எழுப்பி அழைத்துச் சென்றார். அன்று தொடங்கிய நடை இன்றுகாறும் ஓயவில்லை.

தெருத்தெருவாக நடப்பார்க்கு இராயபுரம் ஒரு நூல்நிலையத்தை ஒக்கும். பேதுரு அப்போஸ்தலரைக் கத்தோலிக்கர் இராயப்பர் என வழங்குவர். ஊர்ப்பெயர் அதன் வழி வந்தது. அவர் பெயரால் அமைந்த ஆலயத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுப்பியவர் படகுக்காரரே. மேற்கு மாதாகோயில் தெருவிற் பார்சிகளின் அக்கினிக் கோயில் ஒன்று 1910-ஆம் ஆண்டு முதல் உள்ளது. தமிழ்நாட்டில் அச்சமயத்தார்க்கு வேறு அக்கினிக் கோயில் இல்லை. 1949-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், ஒரு புதிய அரசியற் கட்சியின் முதற் பொதுக்கூட்டம் கொட்டும் மழையில் நடந்த ராபின்சன் பூங்காவும் இப்பகுதியதே. அக்கட்சி பின்னர் நாடாண்டதை யாவரும் அறிவர். 1856-ஆம் ஆண்டில் தென்னாட்டின் முதற் புகைவண்டி வாலாஜா சாலையை நோக்கிப் புறப்பட்டதும் இராயபுரத்தினின்றே. உயர்ந்த தூண்களையுடைய அந்நிலையக் கட்டடம் இன்றும் நிற்கின்றது. யான் நாள்தோறும் அவ்விடத்தே வண்டி ஏறுகின்றேன். அத்தூண்களை ஏறிட்டு நோக்குவாரை மட்டும் கண்டதில்லை.

காசிமேட்டு மீன்பிடி துறைமுகம் விடியுமுன்னரே விழித்துவிடும். 1984-ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்த இத்துறையில் விசைப்படகுகள் நெருங்கி நிற்க, பனிக்கட்டி உடைக்கும் ஒலியும், ஏலங் கூறும் குரலும், தலையிற் கூடை சுமந்த மகளிர் "வழி விடு" எனக் கூவுவதுமாக அவ்விடம் அதிரும். வஞ்சிரமும் வவ்வாலும் சங்கராவும் குவியல் குவியலாகக் கிடக்கும். ஏலம் எடுக்கும் பெண்டிர் ஒரு விரலசைவால் விலை முடிக்கும் விரைவைக் கண்டு, கணக்குப் பாடத்தை விட்டோடித் தமிழ் பயில வந்த யான் நாணினேன். சித்திரை தொடங்கி அறுபத்தொரு நாள் விசைப்படகுகள் கடலேறா. மீன்கள் இனம் பெருகும் பருவம் என்று அரசு விதித்த தடை அது. அந்நாளில் அதே துறை, தேர்வு முடிந்த கல்லூரி போல வெறிச்சோடியிருக்கும். வலை பின்னுவார் சிலரே இருப்பர்.

அத்தகைய நாளொன்றில், வலைக் கண்ணைச் சரிபார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம், "ஐயா, இங்கு மணற்கரை இல்லையே, வெறுங் கருங்கல்லாக உளதே?" என வினவினேன். அவர் தலை நிமிராமலே, "மணலா? அது மெரினாவுக்குப் போயிடுச்சு தம்பி" என்றார். வேடிக்கையாகக் கூறினார் என எண்ணிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பின்னர் ஆராய்ந்தபோதே அம்முதியவர் கூற்றின் உண்மை விளங்கிற்று. நமது கரையில் கடலலை மணலை ஓரிடத்தே இருக்க விடாது. தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்து வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவத்திற் சிறிது தெற்கு நோக்கியும் அது மணலைப் பெயர்த்துச் செல்லும். ஆண்டு முடிவிற் கணக்கிட்டால் வடக்கே சென்றதே மிகுதி. இவ்வோட்டம் நின்றவாறில்லாது நிகழ்ந்தவரை, ஒவ்வொரு கரையும் தான் இழந்ததைத் தெற்கினின்று பெற்றது. 1875-ஆம் ஆண்டில் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டு, கடலுள் நீண்ட அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. 1881-ஆம் ஆண்டு நவம்பர்ப் புயல் அவற்றைச் சிதைத்தது, மீண்டும் கட்டினர். கிழக்கு நோக்கிய வாயில் மணலால் தூர்ந்துவந்தமையின், வடகிழக்கிற் புதுவாயில் அமைத்துப் பழையதை அடைத்தனர். அச்சுவர்களின் தென்பால் வந்த மணல் அங்கேயே தேங்கிற்று. ஒரு காலத்துக் கோட்டைச் சுவர்க்கு அண்மையில் மோதிய அலை இன்று நெடுந்தொலைவு விலகிக் கிடக்கின்றது. மெரினா அகன்றது. வடபாலோ, போகும் மணல் போயிற்று; வரும் மணல் வரவில்லை. இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வரை கடல் கரையைத் தின்றது. தெருக்களும் வீடுகளும் நீருள் மறைந்தன. எஞ்சியதைக் காக்கக் கொட்டிய பாறைகளே இன்று அங்குக் கரை.

இழந்தது மணல் மட்டுமன்று. துறைமுகம் தோன்றுமுன் கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். மக்களையும் சரக்கையும் கரைக்குக் கொணர்ந்தவை மசூலாப் படகுகள். ஆணி ஒன்றும் இன்றிப் பலகைகளைக் கயிற்றால் தைத்து அமைத்தவை அவை. அலை மோதும்போது உடையாது வளைந்து கொடுக்கும். அவற்றைச் செலுத்திய படகுக்காரரை நம்பியே இந்நகரின் வாணிபம் இரு நூற்றாண்டு நடந்தது. கப்பல் நேரே சுவரருகில் அணையத் தொடங்கியதும் அத்தொழில் மறைந்தது. அவர் எழுப்பிய ஆலயம் நிற்கின்றது, படகுகள் இல்லை.

அங்ஙனமாயின் துறைமுகமே வேண்டாமென்பது எனது கருத்தோ எனின், அன்று. எமது தெருவிற் பாதிக்குமேற்பட்ட வீடுகள் அத்துறைமுகத்தால் உண்பவை. சுங்கத் தரகர், பளுத்தூக்குவோர், லாரி ஓட்டுநர், தேநீர்க் கடையார் யாவரும் அதனையே நம்பியிருக்கின்றனர். என் அத்தையின் கணவரே அதனிற் கணக்கெழுதியவர். ஆனால் ஊதியம் பெறுபவர்க்கு இழப்பைக் கூறும் உரிமை இல்லை என்பது எந்த நூலிற் கண்ட நீதி? 2011-ஆம் ஆண்டில் நீதிமன்ற ஆணையால் அத்துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் ஏற்றியிறக்குதல் நிறுத்தப்பட்டது. கரித்தூள் படிந்த வீட்டார் முறையிட்டமையாலன்றோ அது நிகழ்ந்தது! மணலைக் குறித்தும் முறையிட வேண்டும் என்பதே எனது துணிபு.

செய்ய இயலாத ஒன்றையும் யான் கேட்கவில்லை. விசாகப்பட்டினத்தில் இதே நிலை நேர்ந்தபோது, துறைமுகத்தின் தென்பால் தேங்கும் மணலைத் தூர்வாரும் கப்பலால் அள்ளி வடபாற் கடற்கரையிற் சேர்க்கும் முறையைக் கைக்கொண்டனர். நம் வடகரையிற் கடலுள் நீளும் குறுக்குக் கற்சுவர்கள் சில அமைத்ததால் அவற்றினிடையே சிறிது மணல் தங்கியிருத்தல் உண்மையே. மாலையிற் சிறுவர் அதிற் பந்தாடுவதையும் கண்டிருக்கின்றேன். எனினும், கற்சுவர் தடுக்கும் மணல் அதற்கும் வடக்கே வாழ்வார்க்குச் சேரவேண்டியது. எண்ணூர்க்காரர் நாளை நம்மைப் பார்த்து அம்முதியவர் கூறியதையே கூறுவர். கல்லைக் கொட்டுவதற்கு இறைக்கும் பொருளில் ஒரு பகுதியையேனும் ஆண்டுதோறும் மணலைக் கடத்திச் சேர்ப்பதற்குச் செலவிட வேண்டும். அச்செலவை வடசென்னைக்கு இட்ட பிச்சையாகக் கருதாது, தென்சென்னை தீர்க்கவேண்டிய கடனாகக் கருதவேண்டும்.

தமிழ் பயிலும் நண்பர்க்கு ஒன்று நினைவூட்டுவேன். இளங்கோவடிகள் புகார் நகரை இருகூறாகப் பகுத்துக் காட்டுகின்றார். கடலையடுத்த மருவூர்ப்பாக்கத்தில் யவனரும், பிற நாட்டு வணிகரும், மீன் விற்கும் பரதவரும், உப்பு விற்போரும், பிட்டு வாணிகரும், தச்சரும் கொல்லரும் கலந்து வாழ்கின்றனர். பட்டினப்பாக்கத்தில் அரசவீதியும் செல்வர் மாடங்களும் உள்ளன. இவ்விரண்டனுள் அடிகள் முதலிற் பாடியது மருவூர்ப்பாக்கத்தையே. அரசன் வீதிக்கு அவர் அதன் பின்னரே செல்கின்றார். நம் நகரிலும் மெரினாவின் தென்கோடியில் பட்டினப்பாக்கம் என ஓரிடமுண்டு. வடபாலை மருவூர்ப்பாக்கம் என அழைக்க எவர்க்கும் தோன்றவில்லை!

வரும் விடுமுறையில் நம் வகுப்பினர் சிலரை இராயபுர நிலையத்தில் இறங்குமாறு அழைத்திருக்கின்றேன். மூவர் வருவதாக வாக்களித்துள்ளனர். ஒருவர் மீன் நாற்றத்துக்கு அஞ்சி இன்னும் விடை கூறவில்லை. தூண்களைக் கண்டபின் மாதாகோயில் தெரு வழியாகக் கடலோரம் நடந்து, அம்முதியவர் அங்கிருப்பாராயின் அவரிடம் அவர்களை நிறுத்தி, யான் கேட்ட வினாவையே அவர்களும் கேட்கச் செய்வேன்.