படகு ஓடினால் கால்வாய் பிழைக்கும்

உத்திரமேரூர்க்காரனான எனக்குத் தண்ணீர் என்றால் ஏரிதான். ஆனால் என் அம்மாவுக்குப் பிறந்த ஊர் இடைக்கழிநாட்டுப் பக்கம். ஒரு புறம் கடல், மறுபுறம் கழி. அவர் சிறுமியாக இருந்தபோது மதராஸுக்குப் போவதென்றால் பக்கிங்காம் கால்வாயில் படகேறுவார்களாம். சவுக்கு விறகுக் கட்டுகளின் மேல் சாக்கை விரித்து உட்கார்ந்து, வழியில் கட்டுச்சோற்றைப் பிரித்துத் தின்று, போய்ச் சேரும்போது சேர்வது. காற்று வாட்டமாக அடித்தால் பாய் விரிப்பார்கள். இல்லையென்றால் கோல் ஊன்றுவார்கள். கரையில் ஆட்கள் தோளில் கயிறு மாட்டி இழுத்துக்கொண்டே நடப்பார்கள். அவர்களுடைய தோளில் கிடந்த தழும்பை அம்மா ஒவ்வொரு முறையும் சொல்வார். அந்தப் பாடு யாருக்கும் மறுபடி வேண்டாம். ஆனால் படகு வேண்டும்.

இந்தக் கால்வாயின் கதை 1806-இல் பேசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டியதில் தொடங்குகிறது. பிறகு வடக்கே ஆந்திரத்தின் பெத்தகஞ்சாம் வரையும், தெற்கே மரக்காணம் வரையும் நீண்டது. மொத்தம் சுமார் 420 கிலோமீட்டர். அதில் நம் மாநிலத்துப் பங்கு 163. தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினியாகக் கிடந்த ஜனங்களைக் கூலிக்கு அழைத்துத்தான் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கிலோமீட்டர் துண்டை 1877-78-இல் வெட்டினார்கள். பெயர் அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவுக்குப் போனது. மண் சுமந்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. உப்பும் விறகும் கிளிஞ்சலும் நெல்லும் இதன் வழியாகத்தான் நகரத்துக்குப் போயின. பாரதிதாசன் நண்பர்களோடு மாமல்லபுரம் போனதும் இந்தத் தண்ணீர் வழியாகத்தான். ‘மாவலிபுரச் செலவு’ அந்தப் பயணத்தின் பாட்டு.

பிறகு லாரி வந்தது. புயல்கள் கரையை உடைத்தன. படகு நின்றதும் கால்வாயைத் தினமும் பார்க்கிற கண்களும் நின்றுபோயின. அடுத்து வந்தது சாக்கடை. 1990-களில் பறக்கும் ரயிலுக்கான தூண்களைச் சென்னையில் கால்வாய்க்குள்ளேயே இறக்கினார்கள். 2008-இல் இதை தேசிய நீர்வழி எண் 4-இல் சேர்த்து அறிவித்தார்கள். பெரிய சரக்குப் படகு, பெரிய முதலீடு என்று பெரிதாகவே யோசித்ததில் சிறிய படகை மறந்துவிட்டார்கள் என்பது என் வருத்தம்.

என் அக்கா மகள் இங்கிலாந்தில் பர்மிங்காமில் இருக்கிறாள். போன கோடையில் குடும்பத்தோடு ஒரு நாள் கால்வாய்ப் படகில் போய்வந்து எனக்கு வெகுநேரம் போனில் சொன்னாள். ஏழடிக்கும் குறைந்த அகலம், ரயில் பெட்டி மாதிரி நீளம். மணிக்கு நான்கு மைலுக்கு மேல் போகக் கூடாது. கரையில் நடப்பவர் படகுக்காரரோடு பேசிக்கொண்டே வரலாம். மேடு வந்தால் இரண்டு கதவுகளுக்கு நடுவே படகை நிறுத்தி, தண்ணீரை விட்டு, படகை மேலே ஏற்றுகிறார்கள். அந்தக் கதவைத் தள்ளுவதும் மதகைச் சாவி போட்டுத் திருகுவதும் பெரும்பாலும் படகில் வந்தவர்களே. “மாமா, ஏறினவங்கதான் எல்லா வேலையும் செய்யணும்” என்றாள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

அங்கும் இவை சாகக் கிடந்த கால்வாய்கள்தான். ரயிலும் லாரியும் சரக்கைப் பிடுங்கிக்கொண்டன. 1944-இல் டாம் ரோல்ட் தன் படகுப் பயணத்தைப் புத்தகமாக எழுதினார். 1946-இல் கால்வாய்களைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். சாதாரண ஜனங்கள் விடுமுறை நாட்களில் மண்வெட்டியோடு போய்ச் சேறு வாரினார்கள். பல பத்தாண்டுகள் தூர்ந்து கிடந்த கென்னட்-ஏவன் கால்வாய் 1990-இல் மறுபடி திறந்தது. இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஓர் அறக்கட்டளை சுமார் 3,200 கிலோமீட்டர் நீர்வழிகளைப் பராமரிக்கிறது.

நம்மால் முடியாதா? இந்தத் தை மாதம் கடப்பாக்கத்தில், ஆலம்பரைக் கோட்டைக்குக் கீழே, ஒரு மீனவத் தம்பியின் படகில் கழிக்குள் போனேன். எஞ்சினை அணைத்துவிட்டுக் கோல் போட்டார். இடுப்பளவுத் தண்ணீரில் இருளர் பெண்கள் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் பூநாரைகள். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. சென்னைத் துண்டு சுத்தமாகட்டும் என்று காத்திருந்தால் நம் பேரப்பிள்ளைகளும் காத்திருப்பார்கள். தெற்கிலிருந்து தொடங்கலாம்.

ஆனால் ரிசார்ட்டுக்கும் சீறிப் பாயும் மோட்டார் படகுக்கும் இதைக் கொடுத்துவிடக் கூடாது. பறவையும் இறாலும் போய்விடும். கோல் படகு, மிஞ்சிப்போனால் சத்தமில்லாத பேட்டரிப் படகு போதும். ஓட்டுகிறவர்கள் கழியை நம்பிப் பிழைக்கும் மீனவரும் இருளருமாக இருக்கட்டும்.

யார் மேற்பார்ப்பது என்றால், எங்கள் உத்திரமேரூர்க் கோயில் சுவரில் பதில் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைக் குடவோலையில் எடுக்கச் சொல்கின்றன. பதவி 360 நாள். கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் அடுத்து இடமில்லை. அன்று ஓலையில் பெயர் எழுதப்படவே எத்தனையோ பேருக்கு வழியில்லாமல் இருந்தது. அதை விட்டுவிட்டு, கணக்குக் கேட்கும் முறையை எடுத்துக்கொள்வோம். கழியோர ஊராட்சிகள் சேர்ந்து ஒரு கால்வாய் வாரியம் அமைக்கலாம். இறால் பிடிக்கும் பெண்களுக்கு அதில் கட்டாயம் இடம் வேண்டும்.

செங்கல்பட்டு, விழுப்புரம் மாவட்ட ஆட்சியர்களுக்கும் நீர்வளத் துறைக்கும் என் வேண்டுகோள் இதுதான்: கடப்பாக்கத்திலிருந்து மரக்காணம் வரையிலான துண்டை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்கிரமிப்பை அளந்து, தூர் வாரி, அடுத்த தைக்குள் பத்துப் படகுகளை விடுங்கள்.