கட்டிலுக்குத் தண்ணீர் வரட்டும்

 

நமது கலியாண வீடுகளில் ஸஹன் வைக்குமுன் என்ன நடக்கிறது? விருந்தாளி இருந்த இடத்தை விட்டு எழும்புவதில்லை. ஒருவர் கெண்டியில் தண்ணீர் கொண்டு வருவார். இன்னொருவர் படிக்கத்தை ஏந்துவார். கை துடைக்கத் துவாயும் வரும். சாப்பிட்டு முடிந்ததும் மறுபடியும் அதே மரியாதை. கலியாணம் முடிந்த பின் அந்தக் கெண்டியும் படிக்கமும் அலுமாரியின் மேல் ஏறிவிடுகின்றன. பக்கத்து அறையில் எழும்ப முடியாமல் கிடக்கும் உம்மும்மாவின் கட்டிலருகே அவை வருவதில்லை. அவருக்கு ஓர் ஈரத்துணி போதும் என்று நாமே முடிவு செய்து விடுகிறோம்.

2020ஆம் ஆண்டில் கொரோனா வந்தபோது கடை வாசல்களிலும் பள்ளிவாசல் முகப்புகளிலும் கை கழுவத் தண்ணீர் வைத்தோம். காலால் மிதித்தால் தண்ணீர் வரும் குழாய்களைக்கூடச் செய்தோம். அவையெல்லாம் நடந்து வரக்கூடியவர்களுக்கு. நடக்க முடியாதவரிடம் தண்ணீர் தான் நடந்து போக வேண்டும். அதைப் பற்றியே இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

கேட்காத நோயாளி

நோய் விசாரிக்கப் போன ஒரு வீட்டில், பாரிசவாதத்தால் விழுந்திருந்த ஒரு முதியவர் எல்லோரும் வெளியே போகும்வரை காத்திருந்து, மெதுவாக என்னிடம் கேட்டார்: “மௌலவி, நாலு மாசமாத் தண்ணி படாமத் தொழுறன். செவுத்துல கைய அடிச்சி தயம்மும் செய்றன். கூடுமா?” அவர் கை காட்டிய சுவர் மினுமினுப்பான சாயம் பூசிய சுவர். அதில் தூசி ஏது?

“பிள்ளைகளிடம் தண்ணீர் கேட்கவில்லையா?” என்றேன். “அதுகளுக்கு ஏன் கரச்சல்” என்றார். அவருடைய மகளோ அடுத்த அறையில், “வாப்பா ஒன்றுமே கேட்பதில்லை, நல்ல பொறுமை” என்று என் மனைவியிடம் சொல்லிக் கொண்டிருந்தாராம்! பிள்ளைகளில் குறையில்லை. கேட்டிருந்தால் ஓடி வந்திருப்பார்கள். ஆனால் படுக்கையில் விழுந்தவர் கேட்கமாட்டார். உணவும் மருந்தும் நேரத்துக்கு வருகின்றன. இதற்கு மேலும் தொல்லை கொடுப்பதா என்று எண்ணிப் பேசாமல் இருந்து விடுவார். எனவே அவர் கேட்குமுன் நாம் தண்ணீரோடு போய் நிற்க வேண்டும்.

தயம்மும் எப்போது?

“படுக்கையில் விழுந்தால் தயம்மும்தான்” என்ற எண்ணம் நம்மிடம் பரவலாக உண்டு. அது சரியல்ல. அன்னிஸா அத்தியாயத்தின் 43ஆம் வசனமும் அல்மாயிதாவின் 6ஆம் வசனமும் நோயாளிக்குத் தயம்மும் சலுகையைத் தருகின்றன. தண்ணீர் பட்டால் உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து, அல்லது நோய் ஆறுவது தாமதமாகும் என்ற அச்சம் இருந்தால் இச்சலுகை உரியது என நமது ஷாபிஈ மத்ஹபின் இமாம்கள் விளக்குகிறார்கள். தண்ணீரால் தீங்கில்லை, எழுந்து போய் வுழூ எடுக்க மட்டும் முடியவில்லை என்றால் பிறர் உதவியோடு வுழூ எடுக்க வேண்டும். இலவசமாக உதவ ஆளில்லாவிட்டால், வசதியுள்ளவர் நியாயமான கூலி கொடுத்தாவது ஆள் வைக்க வேண்டும் என்றுகூட பிக்ஹு நூல்கள் கூறுகின்றன. வீடு நிறையப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கையில் நாம் என்ன சாட்டுச் சொல்வது?

மறுபக்கமும் உண்டு. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் பயணமொன்றில் ஒருவருக்குத் தலையில் கல் பட்டுக் காயமேற்பட்டது. குளிப்புக் கடமையான அவருக்குத் தயம்மும் செய்ய அனுமதியில்லை என்று கூட இருந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், மரணித்து விட்டார். இதைக் கேள்வியுற்ற நபியவர்கள் கடுமையாகக் கண்டித்ததையும், தெரியாதவர் கேட்டறிய வேண்டும் என உணர்த்தியதையும் அபூதாவூதில் காண்கிறோம். எனவே தண்ணீர் படக்கூடாது என வைத்தியர் சொன்னால் தயக்கமின்றித் தயம்மும் செய்யுங்கள். கட்டுப் போட்ட காயம், சிறுநீர்க் குழாய் போன்றவற்றுக்குத் தனிச் சட்டங்கள் உண்டு. ஊரிலுள்ள ஆலிமிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

ஈரத்துணி போதுமா?

வுழூவில் முகம், கை, கால் ஆகியவற்றைக் கழுவ வேண்டும். தலையை மட்டுமே தடவ வேண்டும். கழுவுதல் என்றால் தண்ணீர் உறுப்பின் மேல் ஓட வேண்டும். ஈரத்துணியாலோ, கடையில் விற்கும் ஈரக் கடதாசியாலோ துடைப்பது கழுவுவதாகாது. அதே நேரம், நமது மத்ஹபில் தேய்ப்பது ஸுன்னத்துதான், கடமையல்ல. மெல்லிய தாரையாகத் தண்ணீர் எல்லா இடத்திலும் ஓடிவிட்டால் போதும். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் வுழூ எடுத்ததாக புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. நமது மத்ஹபின் கணக்கில் அது ஏறத்தாழ அரை லீட்டருக்கும் முக்கால் லீட்டருக்கும் இடைப்பட்ட அளவு. ஒரு சிறிய தண்ணீர்ப் போத்தல்! இதற்கா நோயாளியைக் குளியலறை வரை தூக்கிச் செல்ல முடியவில்லை என்று கவலைப்படுகிறோம்?

தொழுகை மட்டுமல்ல விடயம். தூங்கி விழித்தவர் கையைக் கழுவாமல் பாத்திரத்துக்குள் இடக்கூடாது, இரவில் கை எங்கே இருந்தது என அவர் அறியமாட்டார் என்ற கருத்தில் ஹதீஸ் உண்டு. இரவும் பகலும் படுத்தே இருப்பவரின் கைக்கு இது எவ்வளவு பொருந்தும்! அந்தக் கை சளி துடைக்கிறது, உடம்பு சொறிகிறது, மலசலப் பாத்திரத்தைத் தொடுகிறது. பிறகு அதே கை பிஸ்கட்டை எடுத்து வாயில் வைக்கிறது.

மிக்ளபில் வார்த்த தண்ணீர்

நபி (ஸல்) அவர்களின் இறுதி நோயை ஆயிஷா (ரழி) அவர்கள் விவரித்திருப்பது புகாரியில் உள்ளது. நோய் கடுமையானபோது, வாய் அவிழ்க்கப்படாத ஏழு தோற்பைகளின் தண்ணீரைத் தம்மீது ஊற்றுமாறு நபியவர்கள் கேட்டார்கள். ஹப்ஸா (ரழி) அவர்களுக்குச் சொந்தமான ‘மிக்ளப்’ என்ற அகன்ற பாத்திரத்தில் அவர்களை அமர வைத்து, மனைவியர் தண்ணீர் வார்த்தார்கள். போதும் என நபியவர்கள் கையால் சைகை காட்டும்வரை வார்த்தார்கள். அதன் பிறகே அவர்கள் மக்களிடம் வெளியேறிச் சென்றார்கள்.

சகோதரிகளே, இதில் நமக்கு எத்தனை பாடம்! நோயாளி இருந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது. வீட்டுப் பாத்திரமே கருவியாயிற்று. வீட்டுப் பெண்களே வார்த்தார்கள். போதும் என்பதை நோயாளியே தீர்மானித்தார்கள்.

முஸ்லிம் நாடுகளில் பின்னர் இந்தக் கருவி ஒரு கலையாகவே வளர்ந்தது. 13ஆம், 14ஆம் நூற்றாண்டுகளில் மோசுலிலும் கெய்ரோவிலும் பித்தளையில் வெள்ளி இழைத்துச் செய்த இப்ரீக் எனும் கெண்டிகளும் தஸ்த் எனும் படிக்கங்களும் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. துருக்கியர்கள் படிக்கத்தின் மேல் துளையிட்ட மூடி வைத்து, நடுவில் சவர்க்காரத்துக்கும் இடம் செய்தார்கள். ஒடுங்கிய மூக்கு தண்ணீரை அளவோடு விடும். அகன்ற விளிம்பு சிந்தாமல் ஏந்தும். துளை மூடி தெறிக்காமல் தடுத்து, அழுக்குத் தண்ணீரையும் கண்ணுக்கு மறைக்கும். கட்டிலோடு கிடப்பவருக்குத் தேவையானதும் இவையே.

ஒரு கூடைக்குள் எல்லாம்

புதிதாக வாங்க வேண்டியது மிகக் குறைவு. ஒரு கூடையில் இவற்றைச் சேர்த்துக் கட்டிலருகே வையுங்கள்:

ஒடுங்கிய மூக்குள்ள கெண்டி. இல்லையேல், பிளாஸ்டிக் போத்தலின் மூடியில் சூடாக்கிய ஊசியால் நாலைந்து துளை இட்டால் போதும். அமுக்கினால் தண்ணீர் வரும், விட்டால் நிற்கும்.

அகன்ற பேஸின் ஒன்று. அதன் மேல் துளைகளுள்ள வடிதட்டைக் கவிழ்த்து வைத்தால் தெறிக்காது.

மெத்தை நனையாமல் விரிக்க றப்பர் விரிப்பு, அதன் மேல் ஒரு துவாய், துடைக்க இன்னொரு துவாய்.

அமுக்கி எடுக்கும் திரவச் சவர்க்காரம். கட்டிச் சவர்க்காரமானால் சிறு வலைப்பையில் போட்டுக் கட்டுங்கள், கையிலிருந்து நழுவாது.

அழுக்குத் தண்ணீருக்கு மூடியுள்ள வாளி. அதை மலசலகூடத்தில் ஊற்றுங்கள், சமையலறையில் அல்ல.

தயம்மும் தேவைப்படுபவருக்கு, சுத்தமான காய்ந்த மண் பரப்பிய சிறு தட்டு.

செய்யும் முறை

முதலில் உங்கள் கையைக் கழுவுங்கள். தண்ணீர் இளஞ்சூடாக இருக்கட்டும். உங்கள் முழங்கையில் ஊற்றிப் பாருங்கள். சீனி வருத்தம் உள்ளவருக்கும் பாரிசவாதம் வந்தவருக்கும் சூடு தெரியாமல் தோல் வெந்துவிடலாம். தலைப்பக்கத்தை இரண்டு மூன்று தலையணையால் உயர்த்துங்கள். இருக்க முடியாதவரை ஒருபக்கமாகத் திருப்பி, கையைக் கட்டில் விளிம்புக்கு வெளியே நீட்டி, கதிரை மேல் பேஸினை வையுங்கள். காலுக்கு, முழங்காலை மடித்துப் பாதத்தின் கீழ் வையுங்கள்.

வுழூவானால் முகம் கழுவத் தொடங்கும்போது, “உம்மா, நிய்யத்து வச்சிக்கொள்ளுங்க” என்று நினைவூட்டுங்கள். நிய்யத் அவருடையது, வார்ப்பவருடையதல்ல. பிறகு முழங்கை உட்படக் கைகள், தலையில் ஈரக்கை, கணுக்கால் உட்படக் கால்கள் என வரிசை மாறாமல் செய்யுங்கள். விழுங்கச் சிரமப்படுபவரின் வாயிலும் மூக்கிலும் தண்ணீர் விடாதீர்கள், புரையேறி ஆபத்தாகும். வாய் கொப்பளிப்பதும் மூக்கிற்குத் தண்ணீர் செலுத்துவதும் ஸுன்னத். அவற்றை விட்டால் வுழூவுக்குக் குறையில்லை.

சாதாரணமாகச் சவர்க்காரமிட்டுக் கழுவுவதற்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நேரம் 40 முதல் 60 விநாடி. பாரிசவாதத்தால் இறுகிய கையை மறவாதீர்கள். மூடிய உள்ளங்கையில் வியர்வை தேங்கித் தோல் புண்ணாகி நாற்றமெடுக்கும். விரல்களைப் பிடித்து இழுக்காமல், மணிக்கட்டை மெதுவாக உள்பக்கம் மடியுங்கள். விரல்கள் தாமாகச் சற்றுத் தளரும். அப்போது கழுவி, விரலிடுக்குகளை நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள்.

கையில் தடவும் மதுசாரத் திரவம் அவசரத்துக்கு உதவும். ஆனால் அழுக்குப் படிந்த கையை அது சுத்தமாக்காது. வயிற்றோட்டத்தை உண்டாக்கும் சில கிருமிகளுக்கும் அது போதாது. மலசலத்துக்குப் பின் சவர்க்காரமும் தண்ணீரும்தான் வேண்டும்.

கணவருக்கு வுழூ செய்வித்தல்

பெண்கள் மஜ்லிஸில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. “மனைவி தொட்டால் வுழூ முறியுமே, அவருக்கு எப்படி நான் செய்து விடுவது?” என்று கேட்பார்கள். உண்மைதான், ஷாபிஈ மத்ஹபில் கணவன் மனைவியின் தோல் பட்டால் இருவரின் வுழூவும் முறியும். ஆனால் கெண்டியிலிருந்து வார்ப்பதற்குத் தொடத் தேவையில்லையே! தொட வேண்டி வந்தால் றப்பர் கையுறை அணியுங்கள், அல்லது கையில் துணி சுற்றிக் கொள்ளுங்கள். இடையில் திரை இருந்தால் முறியாது. தாய், மகள், சகோதரி, மருமகள் ஆகியோர் மஹ்ரமானவர்கள். அவர்கள் தொடுவதால் முறியாது. மருமகள் மாமாவுக்குத் தயங்காமல் வார்க்கலாம்.

கை அசையும் நோயாளியானால் நீங்கள் வார்க்க மட்டும் செய்யுங்கள், அவரே கழுவட்டும். பயணத்தில் நபி (ஸல்) அவர்களுக்கு முகீரா இப்னு ஷுஃபா (ரழி) தண்ணீர் வார்த்தார்கள். நபியவர்களே வுழூ எடுத்தார்கள். தன் கையைத் தானே கழுவுவது நோயாளிக்குச் சிறிய விடயமல்ல. எல்லாவற்றுக்கும் பிறரை எதிர்பார்த்திருப்பவருக்கு அது தன் வசத்தில் எஞ்சியிருக்கும் ஒன்று.

அந்த முதியவருக்கு அஸருக்கே தண்ணீர் வந்தது. மகள் வார்க்க, அவர் இயங்கும் கையால் முகத்தைக் கழுவினார். கழுவி முடிந்த பிறகும் கையை எடுக்காமல், “இன்னும் கொஞ்சம் ஊத்துங்க மகள்” என்றார்.

நோய் விசாரிக்கப் போகும்போது பிஸ்கட்டும் பால்மாவும் கொண்டு போகிறோம், நல்லது. அடுத்த முறை நோயாளியின் அருகிலிருந்து இதையும் கேட்டுப் பாருங்கள்: “லுஹருக்கு உளு எடுத்தீங்களா? நான் தண்ணி ஊத்தட்டா?” வல்ல அல்லாஹ் நம் நோயாளிகளுக்குப் பூரண சுகத்தையும், அவர்களுக்குத் தண்ணீர் வார்க்கும் கரங்களுக்கு நிறைந்த நற்கூலியையும் தந்தருள்வானாக! ஆமீன்.